ஒரு சனிக்கிழமை, இரண்டு குவாட்டர்பேக்குகள்

2018 செப்டம்பர் 29 ஒரு சனிக்கிழமை. அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசாவில், ஜேலன் ஹர்ட்ஸ் என்ற மாணவர் தம் பல்கலைக்கழக அணிக்காக அந்தப் பருவத்தின் ஐந்தாவது ஆட்டத்தில் களமிறங்கினார். ஆட்டத்தில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. லூசியானாவின் லஃபாயெட் நகரிலிருந்து வந்த அணியை அலபாமா 56-14 என்று எளிதாக வென்றது. தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் என்ற இடத்தில் ஹர்ட்ஸ் அங்கே மாற்று ஆட்டக்காரர் மட்டுமே. ஆனால் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை ஓரளவு கவனித்து வரும் எனக்கு, அந்த ஆண்டு நடந்தவற்றுள் மறக்க முடியாதது அவர் ஆடிய அந்தச் சில நிமிடங்கள்தாம்.

காரணம் ஒரு விதி. கல்லூரி விளையாட்டு வீரர் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய கணக்கு. அந்த ஆண்டுதான் அதில் ஒரு தளர்வு வந்தது. ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடியிருந்தாலும், அத்துடன் நிறுத்திக்கொண்டால், அந்தப் பருவம் செலவாகாமல் கையில் நிற்கும். அதைப் பிறகு வேறொரு கல்லூரியில்கூடப் பயன்படுத்தலாம். இதற்கு 'ரெட்ஷர்ட்' என்று பெயர். ஐந்தாவது ஆட்டத்தில் கால் வைத்தால் அந்த ஆண்டு போயிற்று. ஹர்ட்ஸ் தெரிந்தேதான் கால் வைத்தார். அதே வாரம் புதன்கிழமை, தெற்குக் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில், ஹர்ட்ஸைப் போலவே இளையவர் ஒருவரிடம் இடத்தை இழந்த கெல்லி பிரையன்ட் என்ற குவாட்டர்பேக், நான்கு ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டு அணியை விட்டே வெளியேறியிருந்தார்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்பதை, இந்த ஆட்டம் பழக்கமில்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணியின் ஏறத்தாழ ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக்கின் கைக்கு. எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை மூன்று நான்கு நொடிகளுக்குள் அவர்தான் முடிவு செய்கிறார். கிரிக்கெட்டில் நல்ல விக்கெட் காப்பாளர்கள் இருவர் கிடைத்தால், ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு மட்டையாளராக மட்டும் ஆடலாம். இங்கே அந்த வழியும் அநேகமாக இல்லை. பயிற்சி நேரமும் அளவுக்குட்பட்டது. பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். வசந்தகாலப் பயிற்சிக்கு 15 அமர்வுகள்தாம். முதல் வரிசை ஆட்டக்காரர்களோடு ஒருவர் பழகும் ஒவ்வொரு நகர்வும் மற்றவருக்குக் கிடைக்காமல் போகும் நகர்வு. 'இரண்டு குவாட்டர்பேக்குகள் இருக்கிறார்கள் என்றால் ஒருவரும் இல்லை என்று பொருள்' என்று பயிற்சியாளர்கள் சொல்லி வருவது இதனால்தான். 2006-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் கிறிஸ் லீக்கை எறியவும் இளைஞர் டிம் டீபோவை முட்டி மோதி ஓடவும் வைத்துக்கொண்டு தேசியப் பட்டமே வென்றது. ஆனால் அங்கே தலைமை லீக்குடையது என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

டெக்சஸ் மாநிலத்தின் சேனல்வியூவைச் சேர்ந்த ஹர்ட்ஸின் தந்தை, மகன் படித்த உயர்நிலைப் பள்ளி அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர். 2016-இல் முதலாண்டு மாணவராகவே தொடக்க ஆட்டக்காரராகிவிட்ட ஹர்ட்ஸ், அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில், இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே அதிகமாக மீதமிருந்தபோது 30 யார்டு ஓடி அலபாமாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு நொடி மீதமிருக்கையில் கிளெம்சன் 35-31 என்று வென்றது. அடுத்த ஆண்டு முழுவதிலும் அவர் எறிந்த பந்துகளில் எதிரணியிடம் அகப்பட்டது ஒன்றே ஒன்று. 2018 ஜனவரி 1 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த அரையிறுதியில் அவர் கிளெம்சனை 24-6 என்று தோற்கடித்தார்; எதிரே நின்ற குவாட்டர்பேக் பிரையன்ட். அன்றைக்கு நாட்டின் தலைசிறந்த அணிகளில் இரண்டை நடத்திச் சென்றவர்கள் இவர்கள். அதே ஆண்டு முடிவதற்குள் இருவரும் தத்தம் இடத்தை இழந்தார்கள்.

ஹர்ட்ஸ் இழந்தது ஒரு வாரம் கழித்து, ஜனவரி 8 அன்று, அட்லாண்டாவில். ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதியாட்டத்தின் இடைவேளையில் அலபாமா 0-13 என்று பின்தங்கியிருந்தது. ஹர்ட்ஸ் எட்டு முறை எறிந்து மூன்று முறை மட்டுமே வெற்றி கண்டு, மொத்தம் 21 யார்டுகளே ஈட்டியிருந்தார். தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன், ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். அவர் எறிந்த பந்து ஒன்றும் எதிரணியிடம் போயிற்று. ஆயினும் தயங்காமல் எறிந்துகொண்டே இருந்தார். ஆட்டம் 20-20 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா மூன்று புள்ளிகள் எடுத்தது. அலபாமாவின் முதல் நகர்விலேயே டுவா பிடிபட்டு 16 யார்டுகள் பின்னுக்குப் போனார். அடுத்த நகர்வில் அவர் எறிந்த 41 யார்டுப் பந்தை டெவோன்டா ஸ்மித் கோட்டுக்குள் பிடித்தார்; ஆறு புள்ளிகள் தரும் 'டச்டவுன்' அது. 26-23. தம் இடம் பறிபோன அந்த இரவில் ஹர்ட்ஸ் எல்லைக்கோட்டருகே துள்ளிக் குதித்துக் கொண்டாடியதை நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

இடைவேளையில் செய்த அந்த மாற்றத்தைத் துணிச்சல் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய துணிச்சலாகப் படவில்லை. பதின்மூன்று புள்ளி பின்தங்கி, முன்னோக்கி எறியவே முடியாத நிலையில், மாற்றாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. உண்மையான சிக்கல் மறுநாள் காலையில் தொடங்கியது. தொடக்க ஆட்டக்காரராக ஆடிய 28 ஆட்டங்களில் 26-இல் வென்ற ஒருவர். ஒரே ஓர் அரை ஆட்டத்தில் பட்டத்தைக் கொண்டுவந்த இன்னொருவர். எதை எதனோடு ஒப்பிடுவது?

ஹர்ட்ஸ் ஆடினால் பந்து பத்திரமாக இருக்கும். எறிய வழியில்லாவிட்டால் ஓடுவார். அணி தோற்பதற்கு அவர் காரணமாகமாட்டார். டுவா ஆடினால் களத்தின் முழு நீளமும் அகலமும் திறந்துகொள்ளும். ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ் போன்ற வேகக்காரர்கள் ஓடுவதற்குப் பொருள் கிடைக்கும். போதாக்குறைக்கு டுவா இடக்கையர். அவர் எறியும் பந்து எதிர்ப்பக்கமாகச் சுழன்று வரும். வழக்கமாக எறிபவரின் பார்வைக்கு எட்டாத முதுகுப் பக்கத்தைக் காப்பவர் வரிசையின் இடக்கோடியில் நிற்பவர். டுவாவுக்கோ அது வலக்கோடியில் நிற்பவரின் வேலையாகிவிடும். ஆகவே ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை எழுதினால் மற்றப் பத்துப் பேரின் பழக்கமும் சேர்ந்து மாறுகிறது. இவரா அவரா, யார் சிறந்தவர் என்று தனியாக நிறுத்துப் பார்க்கும் விவாதங்களில் இந்தப் பத்துப் பேர் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறார்கள்.

சேபன் எட்டு மாதங்கள் வாய் திறக்கவில்லை. அவர் முடிவெடுக்க முடியாமல் தவித்தார் என்று நான் நம்பவில்லை; அறிவித்த அன்றே ஒருவரை இழந்துவிடுவோம் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். வசந்தகாலப் பயிற்சியின்போது டுவாவின் பந்தெறியும் கையில் காயம் பட்டது வேறு அந்தக் கணக்கை உறுதிப்படுத்தியிருக்கும். ஆனால் அந்த மௌனத்தில் ஓரளவு கொடுமையும் இருந்தது. இத்தனை மாதங்களில் உன் மனநிலை என்னவென்று பயிற்சியாளர் எவரும் என்னிடம் கேட்கவில்லை என்று ஆகஸ்டில் ஹர்ட்ஸ் நிருபர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். தம் மதிப்பை நன்கறிந்த, இருபது வயதை எட்டவிருந்த இளைஞர், கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்ன சொல் அது. செப்டம்பர் 1 அன்று லூயிவில் அணியை 51-14 என்று வென்ற ஆட்டத்தில் தொடக்கத்தில் இறங்கியவர் டுவா. பதில் அப்படித்தான் வந்தது, அறிவிப்பாக அல்ல. ஆட்டம் முடிந்ததும் இதைப் பற்றிக் கேட்ட தொலைக்காட்சி நிருபரிடம் சேபன் எரிந்து விழுந்தார். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கிளெம்சனில் தலைமைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி எடுத்த வழி நேரெதிரானது. பிரையன்ட்டையும் முதலாண்டு மாணவர் ட்ரெவர் லாரன்ஸையும் நான்கு ஆட்டங்களில் மாற்றி மாற்றி ஆடவிட்டுப் பார்த்தார். நான்காவது ஆட்டத்தில், ஜார்ஜியா டெக்குக்கு எதிராக, லாரன்ஸ் நான்கு டச்டவுன்கள் எறிந்தார். திங்கட்கிழமை முடிவைச் சொல்லிவிட்டார்கள். ரெட்ஷர்ட் விதியின் கதவு இன்னும் திறந்திருந்த கடைசி வாரம் அது. அதில் சொன்னதை நேர்மை என்றும் சொல்லலாம், விவேகமின்மை என்றும் சொல்லலாம். தொடக்க ஆட்டக்காரராக 16 வெற்றி, 2 தோல்வி கண்டிருந்த பிரையன்ட், தமக்கு இழைக்கப்பட்டது நியாயமல்ல என்று சொல்லிவிட்டு விலகினார். அடுத்த ஆண்டு மிசூரிக்குப் போனார். சனிக்கிழமை, அதாவது நான் முதலில் சொன்ன அதே செப்டம்பர் 29 அன்று, சிராக்யூஸுக்கு எதிரான ஆட்டத்தின் முற்பாதியிலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். மூன்று நாள் முன்பு வரை அந்த இடத்தில் நிற்கப் பிரையன்ட் இருந்தார். இப்போது வந்து நின்றவர் சேஸ் பிரைஸ். முக்கியமான ஆட்டம் எதிலும் ஆடிப் பழகாதவர். நான்காம் காற்பகுதியில் அவர் அணியை 94 யார்டு நடத்திச் சென்று, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதமிருக்கையில் 27-23 என்று காப்பாற்றினார். ஸ்வின்னிக்கு வாய்த்தது நல்லூழ் என்றே இன்றும் நினைக்கிறேன்.

டிசம்பர் 1 அன்று அலபாமாவுக்கு அதே சோதனை வந்தது. அதே அட்லாண்டா அரங்கம், அதே ஜார்ஜியா, மண்டலப் பட்டத்துக்கான ஆட்டம். நான்காம் காற்பகுதியில் 21-28 என்று பின்தங்கிய நிலையில் டுவா கணுக்காலில் அடிபட்டு வெளியேற, ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒன்பது முறை எறிந்து ஏழு முறை வெற்றி. ஜூடிக்கு ஒரு டச்டவுன். ஒரு நிமிடம் நான்கு நொடிகள் மீதமிருக்கையில் தாமே 15 யார்டு ஓடி இன்னொன்று. 35-28. செப்டம்பரில் அவர் கைவிட்ட அந்த ஓராண்டு அட்லாண்டாவில் செலவானது.

இத்துடன் நிறுத்தினால் சேபன் சரி, ஸ்வின்னி தவறு என்று ஆகிவிடும். ஆனால் அடுத்த மாதம் தேசிய இறுதியாட்டத்தில் லாரன்ஸின் கிளெம்சன், டுவாவின் அலபாமாவை 44-16 என்று நொறுக்கி, 15 ஆட்டங்களிலும் வென்ற அணியாக முடித்தது. என் வாதம் அங்கே நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், தேர்ந்தெடுப்பதைவிடத் தேர்ந்தெடுக்கப்படாதவரை வைத்துக்கொள்வதுதான் கடினம் என்ற எண்ணத்தை நான் விடவில்லை. இன்று அது ஏறத்தாழ முடியாத காரியம். ஒருமுறை கல்லூரி மாறுபவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை என்று 2021-இல் விதி தளர்ந்தது; 2024-இல் அந்த 'ஒருமுறை' என்ற வரம்பும் போயிற்று. 2022-இல் மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, முந்தைய ஆண்டு ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்திக்காட்டிய கேட் மக்நமாராவுக்கு முதல் ஆட்டத்தையும், ஜே. ஜே. மெக்கார்த்திக்கு இரண்டாம் ஆட்டத்தையும் கொடுத்து, பிறகு மெக்கார்த்தியைத் தேர்ந்தெடுத்தார். எவ்வளவு நியாயமாக நடத்தினாலும் முடிவு ஒன்றுதான்: மக்நமாரா அயோவாவுக்குப் போனார், அடுத்த பருவத்தில் மெக்கார்த்தி பட்டம் வென்றார்.

ஹர்ட்ஸும் 2018 டிசம்பரில் பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு, யாரும் குறை சொல்ல முடியாதபடி ஓக்லஹோமாவுக்குப் போனார். 2019 நவம்பர் 16 அன்று மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் டுவாவின் இடுப்பு எலும்பு விலகிப் பருவமே முடிந்துபோனபோது, அலபாமாவின் ஓரத்தில் ஹர்ட்ஸ் இல்லை. எழுந்து வந்தவர் மேக் ஜோன்ஸ். 2017-இல் டுவாவோடு ஒரே அணியாகச் சேர்ந்து, ஹர்ட்ஸா டுவாவா என்று நாடே பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் மூன்றாவது பெயராக இருந்து, எங்கும் போகாமல் காத்திருந்தவர். 2021 ஜனவரி 11 அன்று தேசிய இறுதியாட்டத்தில் அவர் 464 யார்டுகளும் ஐந்து டச்டவுன்களும் எறிந்தார். அலபாமா ஒஹாயோ ஸ்டேட்டை 52-24 என்று வென்றது. அன்று ஒஹாயோ ஸ்டேட்டின் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 2018 டிசம்பர் 1 அன்று, ஆட்டம் 28-28 என்று நின்றபோது, பந்தை உதைப்பதாகப் போக்குக்காட்டி ஜார்ஜியா ஓடவிட்டு மாட்டிக்கொண்டது இவரைத்தான். அங்கே தொடக்க ஆட்டக்காரராக இருந்த ஜேக் ஃப்ரோமுக்குப் பின்னால் காத்திருக்கப் பிடிக்காமல், அந்தப் பருவத்தோடு ஜார்ஜியாவை விட்டுப் போயிருந்தார்.