இருபதுக்குப் பிறகு பத்து

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஆங்கில நாவல்களுக்கு ஒரேயொரு அலுமாரிதான், யன்னலோரம். ஒன்பதாம் வகுப்பில் அதிலிருந்து நான் முதன்முதல் எடுத்தது பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் 'இரும்பு முகமூடி மனிதன்'. தலைப்பே போதுமாயிருந்தது. அகராதியும் கையுமாக இரண்டு கிழமை வாசித்தேன். போர்தோஸ் என்றொருவர் குகைக்குள் பாறை சரிந்து இறந்தார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகப் பொறுப்பாயிருந்த மாஸ்டர் கேட்டார்: "தம்பி, இது கடைசிப் புத்தகமெல்லோ? முதலாவதை வாசிச்சனீரோ?"

"இல்லை சேர்."

எழுந்து போய் 'மூன்று மஸ்கட்டியர்க'ளை எடுத்து வந்து தந்தார். மஸ்கட்டியர்கள் என்றால் பிரெஞ்சு மன்னரின் காவற்படை வீரர்கள். 1625 ஏப்ரலில் மஞ்சள் குதிரையில் வந்திறங்கும் இளைஞன் தார்த்தன்யானை அன்றிரவே சந்தித்தேன். போர்தோஸையும்தான். வாள் தொங்கும் தோள்வாரில் முன்பக்கம் மட்டும் பொன்வேலை, பின்பக்கம் வெறும் தோல். அதை மறைக்கத் தடிமன் என்று சொல்லி மேலங்கி போர்த்துக்கொண்டு திரிகிறார்! தார்த்தன்யான் அந்த மேலங்கிக்குள் மாட்டுப்பட்டு உண்மையைக் கண்டுவிடுகிறான். அந்த இடத்தில் போர்தோஸ் எனக்குச் சொந்தக்காரராகிவிட்டார்.

அடுத்த தரமும் பிழைவிட்டேன். அலுமாரியில் 'பத்து ஆண்டுகளின் பின்' என்றொன்று, 'இருபது ஆண்டுகளின் பின்' என்று இன்னொன்று. பத்து முடிந்துதானே இருபது? பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். மாஸ்டர் அதை வாங்கி மேசையில் வைத்தார். "இருபதை முதல் வாசியும். இந்தப் பத்து, அந்த இருபதுக்குப் பிறகு வாற பத்து."

இன்றைக்கும் பலரை இடறவிடுவது இந்தத் தலைப்புத்தான். மஸ்கட்டியர்களைப் பற்றி டூமா எழுதியவை மூன்றே நாவல்கள். ஓகுஸ்த் மாக்கே துணையாக இருந்தார். முதலாவது 1844இல் வந்தது, 'இருபது ஆண்டுகளின் பின்' 1845இல். மூன்றாவதான 'பிராஜலோன் பிரபு' 1847 முதல் 1850 வரை பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்தது. அதன் துணைத்தலைப்புத்தான் 'பத்து ஆண்டுகளின் பின்'. அது மிகப் பெரிய நாவல். அதனால் ஆங்கிலப் பதிப்பாளர்கள் சிலர் மூன்றாக, சிலர் நான்காக, ஐந்தாகக்கூட உடைத்தார்கள். நான்காக உடைத்தவர்கள் இரண்டாம் துண்டுக்குத் துணைத்தலைப்பைச் சூட்டினார்கள். 'இரும்பு முகமூடி' அதே நாவலின் கடைசித் துண்டு. கதை நடக்கும் காலம் 1625, 1648, 1660 என்று ஒழுங்காகவே போகிறது. கல்கியிடம் இந்த வசதி இல்லை: 'பார்த்திபன் கனவை' முதலில் எழுதிவிட்டு, அதற்கு முந்திய கதையான 'சிவகாமியின் சபத'த்தைப் பிறகு எழுதினார். எது முதல் என்று எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் ஓயாமல் வாதாடுவார்கள். டூமாவிடம் எழுதிய வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றே.

நடுத்துண்டுகளில் அரண்மனைக் காதல்தான், தாண்டிப் போகலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து தாண்டாதீர்கள். அந்தப் பிராஜலோன் பிரபுவான ராவுல் சிறுவயதிலிருந்து நேசித்த லூயிஸ் என்ற பெண்ணை மன்னன் பதினான்காம் லூயி எடுத்துக்கொள்வது அங்கேதான். அதை வாசிக்காதவனுக்கு, ராவுலின் தகப்பனான மஸ்கட்டியர் அதோஸ் மன்னன் முன்னால் தன் வாளை முறித்துப் போடும் காட்சி வெறும் கோபமாகவே தெரியும்.

ஓ.எல். பரீட்சைக்கு முந்திய விடுமுறையில்தான் வரிசையாக வந்து மறுபடி அந்தக் குகையை அடைந்தேன். துரத்தி வந்தவர்கள்மேல் வெடிமருந்துப் பீப்பாவை எறிந்துவிட்டு ஓடுகிறார் போர்தோஸ். தகப்பனுக்கும் பாட்டனுக்கும் வந்ததுபோல அவருக்கும் கால்கள் சோர்ந்துவிடுகின்றன. சரிந்த பாறையைக் கையாலும் தோளாலும் தாங்குகிறார். தோழர் அராமிஸ் நெம்பப் பார்க்கிறார். பாரம் கூடிப்போச்சு என்ற அளவில் ஒரு சொல், அவ்வளவுதான். முன்பு நான் புரட்டிவிட்டுப் போன அதே பக்கம். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தேன். அம்மா என்னடா என்று கேட்டா. சொல்லத் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து நூலகத்துக்குப் போனபோது, ஆறு புத்தகங்களின் உள்ளட்டையிலும் மாஸ்டர் பென்சிலால் 1 முதல் 6 வரை இலக்கம் போட்டிருந்தார். 'பத்து'க்கு இலக்கம் 4.

லண்டனில் பழைய புத்தகக் கடைகளில் துண்டு துண்டாகத் தேடி அந்த ஆறையும் சேர்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் பேத்தி அட்டையில் முகமூடிப் படம் போட்ட புத்தகத்தைக் கேட்டாள். நானும் பென்சிலால் இலக்கம் போட்டு, முதலாவதைத்தான் அவள் கையில் கொடுத்தேன்.