ட்ரோன் வீடியோவில் அடிவானம் சாய்ந்தால்: எங்கே திருத்துவது, எவ்வளவு சுழற்றுவது

4கே வீடியோவின் அகலம் 3840 பிக்சல். அதில் அடிவானம் 1 டிகிரி சாய்ந்தாலே இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 67 பிக்சல் வித்தியாசம் வந்துவிடும். பறக்கவிடும்போது, வெயிலில் மின்னும் போன் திரையில் இது கண்ணில் படாது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் கடல் ஒரு பக்கமாக வழிந்து ஓடுவதுபோல் இருக்கும்.

உடனே எடிட்டிங்கில் சுழற்ற ஆரம்பிக்காதீர்கள். அது நிஜமாகவே சாய்வுதானா என்று முதலில் பாருங்கள். கடற்கரைக் கோடு, ஏரிக்கரை, மலைத்தொடர், சாலை எதையும் மட்டம் பார்க்க நம்பக் கூடாது. கேமராவுக்கு நேர் குறுக்காக ஓடாத எந்தக் கரையும் படத்தில் சரிந்துதான் தெரியும். அதை நேராக்கப் போனால் மற்றதெல்லாம் கோணலாகும். நம்பத்தக்கது கடல் அடிவானம். அது இல்லாத இடத்தில் படத்தின் நடுவில் நிற்கும் மின்கம்பமோ கட்டட மூலையோ போதும். ஆனால் நடுவில்தான் இருக்க வேண்டும். கேமரா கீழ்நோக்கிக் குனிந்திருக்கும்போது ஓரத்தில் உள்ள கம்பங்களின் தலை வெளிப்பக்கம் விரியும். கோபுரத்தை வைத்துப் பார்ப்பவர்கள் அதன் விளிம்பைப் பிடிக்காதீர்கள், அது இயல்பிலேயே சரிவு. நேர் எதிரிலிருந்து எடுத்த ஷாட் என்றால் உச்சியில் உள்ள கலச வரிசை நல்ல மட்டக்கோடு.

இன்னொன்று: அகலக் கோண லென்ஸில் அடிவானம் படத்தின் மேல் ஓரத்தில் இருந்தால் லேசாக வளையும். அப்போது ஒரு துண்டின் சரிவைப் பார்க்காமல், இரண்டு ஓரங்களின் உயரத்தை ஒப்பிடுங்கள்.

அடுத்த கேள்விதான் முக்கியம். சாய்வு ஷாட் முழுக்க ஒரே அளவா, போகப்போக மாறுகிறதா?

ஒரே அளவு என்றால் கோளாறு பெரும்பாலும் கிம்பல் (கேமராவை மட்டமாகப் பிடித்திருக்கும் மோட்டார் தாங்கி) அளவீட்டில். ஆனால் சாய்வு எப்படி இருந்தாலும், டிஜேஐ ட்ரோன்களுக்கான ஃப்ளை செயலியில் மூன்று புள்ளியைத் தொட்டு, கன்ட்ரோல் பக்கத்தில் முதலில் கிம்பல் மோடைப் பாருங்கள். அது எஃப்பிவி (ட்ரோனுக்குள் உட்கார்ந்து பார்ப்பதுபோன்ற காட்சி) என்று இருந்தால் ட்ரோன் சாயும்போதெல்லாம் படமும் சேர்ந்து சாயும். ஃபாலோவுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். அது சரியாக இருந்தால் அதே பக்கத்தில் கிம்பல் கேலிப்ரேஷனில் (அளவீட்டைச் சரிசெய்வது) ஆட்டோவைத் தொடுங்கள். ட்ரோனை வைக்கும் இடத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் பானெட், மணல், புல்தரை வேண்டாம். கிம்பல் மூடியைக் கழற்றிய பிறகுதான் பவர் போட வேண்டும், ஓடி முடியும்வரை தொடக் கூடாது.

ஆட்டோ முடிந்தும் அரை டிகிரி மிச்சம் இருந்தால் மேனுவல். ட்ரோனை மேலேற்றி, காற்று குறைந்த நேரத்தில், கடலை நோக்கி ஹோவரில் (ஒரே இடத்தில் மிதந்தபடி) நிறுத்துங்கள். திரையில் கிரிட் கோட்டைப் போட்டு, அடிவானம் அதன்மேல் படியும்வரை ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) அளவை 0.1, 0.1 ஆக நகர்த்துங்கள்.

இரண்டு முறை செய்தும் அதே பக்கம் திரும்பச் சாய்ந்தால் மென்பொருளைக் குற்றம் சொல்லாமல் கிம்பலைக் கையில் எடுத்துப் பாருங்கள். விழுந்த ட்ரோனில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் டாம்பர் ஒன்று துளையிலிருந்து நழுவியிருக்கும், அல்லது ரோல் கை வளைந்திருக்கும். டாம்பர் நழுவியிருந்தால் சாய்வோடு படம் ஜெல்லிபோல் நடுங்கவும் செய்யும். அந்த மாடலுக்கென்று செய்யாத கனமான என்டி ஃபில்டரும் (லென்ஸுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) கிம்பல் மோட்டாரைத் திணறடிக்கும். கழற்றிவிட்டு ஒருமுறை பறக்கவிட்டாலே தெரிந்துவிடும்.

சாய்வு மாறிக்கொண்டே இருந்தால் கதை வேறு. கிம்பலுக்கு "கீழே" எது என்று சொல்வது ட்ரோனின் அசைவையும் சாய்வையும் அளக்கும் ஐஎம்யு சென்சார். வட்டமடிக்கும்போது பக்கவாட்டு விசையும் புவியீர்ப்போடு சேர்ந்துகொள்வதால் அது குழம்பும். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 30 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் அந்த விசை தரும் முடுக்கம் 2.1 மீ/வி². ஐஎம்யுவில் உள்ள முடுக்கமானியை மட்டும் நம்பினால் "கீழே" 12 டிகிரி விலகிப்போகும். கைரோவும் (சுழற்சியை அளக்கும் சென்சார்) ஜிபிஎஸ்ஸும் பெரும்பகுதியைச் சரிக்கட்டினாலும் நீண்ட வட்டத்தில் கொஞ்சம் கசிந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை நாலில் ஒரு பங்காகும்; அதே வட்டத்தை 4 மீட்டர் வேகத்தில் சுற்றினால் 12 டிகிரி 3 ஆகிவிடும். வேகமாகத் திருப்பிய கையோடு ஷாட்டைத் தொடங்காமல், சில விநாடி நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். நேராக ஹோவரில் நிற்கும்போதே சாய்வு ஊர்ந்தால் ஐஎம்யு கேலிப்ரேஷன் தேவை. அதை ட்ரோன் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள், பறந்து இறங்கிய சூட்டில் வேண்டாம்.

இனி, எடுத்து முடித்த வீடியோ. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மேல் டிராக்கில் ஒரு சாலிட் கலரைப் போட்டு, ஜூமில் எக்ஸ், ஒய் பிணைப்பை நீக்கி, ஒய்யை 0.005க்குக் குறையுங்கள். அளவுகோல் தயார். அதை அடிவானத்தின் அருகே நகர்த்தி, இரண்டு ஓரத்துக்கும் எத்தனை பிக்சல் வித்தியாசம் என்று பாருங்கள். அந்த எண்ணை டைம்லைனின் அகலத்தால் (4கே என்றால் 3840) வகுத்து 57.3ஆல் பெருக்கினால் டிகிரி. 4கேயில் 100 பிக்சல் என்றால் சுமார் 1.5. அதை ரொட்டேஷன் ஆங்கிளில் போடுங்கள். பிளஸ் எந்தப் பக்கம் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சாய்வு கூடினால் குறியை மாற்றுங்கள்.

சுழற்றினால் மூலைகளில் கறுப்பு வரும், ஜூம் செய்தே ஆக வேண்டும். 16:9 படத்துக்கு 1 டிகிரி என்றால் ஜூம் 1.031, 2 என்றால் 1.062, 3 என்றால் 1.092, 5 என்றால் 1.152. 1080 டைம்லைனில் 4கே வீடியோவைப் போடுகிறவர்களுக்கு இது நஷ்டமே இல்லை. 2 மடங்கு வரை கைவசம் இருக்கிறது. 4கேயிலேயே வெளியிடுகிறவர்கள் 3 டிகிரிக்கு மேல் போனால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுப்பதே மேல். ஸ்டெபிலைசரும் போட்டால் அதன் ஜூமும் இதனோடு பெருகும், மறக்க வேண்டாம்.

மாறும் சாய்வுக்குக் கீஃப்ரேம்தான், அதாவது சில இடங்களில் கோணத்தைக் குறித்துவைத்தால் இடைப்பட்டதை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். தொடக்கம், சாய்வு உச்சம், முடிவு என்று மூன்று நான்கு போதும். பத்து ஃப்ரேமுக்கு ஒன்று வைத்தால் படம் தொட்டில்போல் ஆடும். ஜூமை மட்டும் அதிகபட்ச சாய்வுக்கு ஏற்ப ஒரே அளவில் நிறுத்துங்கள், அதற்குக் கீஃப்ரேம் வேண்டாம்.

அவாட்டா போன்ற எஃப்பிவி ட்ரோன்களில் கிம்பல் ஒரே அச்சில், மேலும் கீழும் மட்டுமே நகரும். அவற்றில் அடிவானம் சாய்வது பழுதல்ல. நேராக வேண்டும் என்றால் ட்ரோனிலேயே நடுக்கத்தைக் குறைக்கும் ராக்ஸ்டெடியை அணைத்து, வைட் கோணத்தில் எடுங்கள். கைரோ தகவல் வீடியோவிலேயே பதிவாகும். பிறகு கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, லாக் ஹொரைசனை டிக் செய்து ஏற்றுமதி செய்யலாம்.