கேன்ஸ் கவுனும் கொழிஞ்சாம்பாறைத் தையல் மெஷினும்

மே 16, 2024, வியாழன்

ஜூன் 3-ஆம் தேதி கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. என் தையல் கடையில் உட்கார இடமில்லை, எங்கே பார்த்தாலும் யூனிபார்ம் துணி. வருகிறவர்கள் எல்லாரும் பேசுவது ஒன்றைத்தான்: இசையமைப்பாளர் ஜி.வி. பிரகாஷும் பாடகி சைந்தவியும் பிரிகிறார்களாம். திங்கட்கிழமை இருவருமே அறிவித்துவிட்டார்கள். பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம், 2013-ல் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் காரணம் சொல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை.

கேரள-தமிழ்நாடு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருப்பதில் இது ஒரு வசதி. சென்னைக் கிசுகிசு பொள்ளாச்சி வழியாக வரும், கொச்சிக் கிசுகிசு பாலக்காடு வழியாக வரும். இரண்டும் என் வெட்டும் மேஜை மேல்தான் வந்து இறங்கும். மலையாளம் பேசும் சேச்சிக்கும் தமிழ் பேசும் அக்காவுக்கும் வேறு எதில் ஒத்துப்போகிறதோ இல்லையோ, அடுத்தவர் குடும்பம் ஏன் உடைந்தது என்பதில் இரண்டே நிமிடத்தில் ஒத்துப்போய்விடுகிறது.

கடைசியில் ஜி.வி. பிரகாஷே, போதிய புரிதல் இல்லாமல் ஆளாளுக்குப் பேசுவது வருத்தமாக இருக்கிறது என்ற கருத்தில் எழுத வேண்டியதாகிவிட்டது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டே ஓர் அம்மா சொன்னார், "அந்தப் பொண்ணு கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமுங்க." நான் டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். பேச்சு நின்றது.

மே 18, சனி

பிரான்சில் கேன்ஸ் பட விழா நடக்கிறது. 14-ஆம் தேதி தொடங்கி 25 வரைக்கும். படங்களைப் பற்றி நம் ஊர் செய்திகளில் மூச்சே இல்லை. சிவப்புக் கம்பளத்தில் யார் என்ன உடுத்தினார்கள் என்பது மட்டும் போன் நிறைய வந்து குவிகிறது.

ஐஸ்வர்யா ராய் வலது கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தார். முதல் நாள் தங்க நிறப் பூக்கள் வைத்த கருப்பு கவுன், கையில் பெரிய வெள்ளைப் பஃப். அடுத்த நாள் நீலமும் வெள்ளியுமாக மினுங்குகிற கவுன். இரண்டும் ஃபால்குனி ஷேன் பீகாக் என்ற உடை நிறுவனம் வடிவமைத்தவை. கல்யாண மண்டப ஜோடனை மாதிரி இருக்கிறது, பிறந்தநாள் காகிதத்தைச் சுற்றிக்கொண்டார் என்று ஒரே கேலி. வயதாகிவிட்டது, எடை போட்டுவிட்டார் என்று வேறு.

கவுன் எனக்கும் பிடிக்கவில்லை. அந்த நீலத்தில் கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. ஆனால் துணியைப் பற்றிச் சொல்வது வேறு, துணிக்குள் இருக்கும் உடம்பைப் பற்றிச் சொல்வது வேறு. 2002-ல் 'தேவதாஸ்' படத்துக்காக மஞ்சள் சேலையில் கேன்ஸுக்குப் போனவர் 2024-லும் அதே உடம்போடு வர வேண்டுமாம். இதைச் சொல்கிறவர்களின் 2002-ஆம் வருடத்து அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, கட்டுப் போட்ட கை சாதாரணக் கைச்சுற்றில் நுழையாது. தைத்தவர்கள் கையைப் பெரிதாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திறப்பு வைத்து ஹூக் அடித்திருக்க வேண்டும். நான் பார்த்த இத்தனை செய்திகளில் ஒன்றில்கூட அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மே 20, திங்கள்

கடையில் உதவிக்கு இருக்கும் பெண் காலையில் வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினாள். "அக்கா, இவங்களே தைச்சதாமா!"

நான்சி தியாகி. வயது 23. உத்தரப் பிரதேசத்தில் பரன்வா என்ற கிராமம். போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம் என்று தில்லி வந்தவர், ஊரடங்கு நேரத்தில் தைக்க ஆரம்பித்து அதை வீடியோவாகப் போட்டவர். சினிமாக்காரர்களின் உடையைப் பார்த்து, கடைத்தெருவில் துணி வாங்கி, அதே போலத் தானே தைத்துக் காட்டுவார். இப்போது தானே தைத்த ரோஸ் நிற கவுனில் கேன்ஸ் கம்பளத்தில் நிற்கிறார். கேட்ட கேள்விகளுக்கு இந்தியிலேயே பதில் சொன்னார். பதற்றமும் இல்லை, பாவனையும் இல்லை.

அவர் சொல்லும் கணக்கு: துணி 1000 மீட்டர், வேலை 30 நாள், எடை 20 கிலோவுக்கு மேல். படித்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் என்றால், 1000 மீட்டர் சுமார் 180 சேலை. ஒரு பெண் 180 சேலையைச் சுற்றிக்கொண்டு படியேறுகிறாள்! அடுத்து எடை. 20 கிலோவை 1000 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 20 கிராம்தான் வரும். சாதாரணப் பருத்திச் சேலையே மீட்டருக்கு 80 கிராம் பக்கம் இருக்கும். அப்படியானால் இதில் பெரும்பகுதி மெல்லிசான நெட் துணியாக இருக்கும், அல்லது பட்டை பட்டையாக வெட்டியதன் நீளத்தைச் சேர்த்துச் சொல்லியிருப்பார். எப்படிப் பார்த்தாலும் வேலை வேலைதான்.

ஃப்ரில் வைப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மீட்டர் ஃப்ரில் வேண்டுமென்றால் இரண்டு, இரண்டரை மீட்டர் பட்டை வேண்டும். மெஷினில் தையலை நீளமாக வைத்து ஓட்டி, நூலை மெதுவாக இழுத்துச் சுருக்க வேண்டும். பாதியில் நூல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதிலும் நெட் துணி ஊசிக்கு அடங்காது, மெஷின் பல்லுக்குள் மாட்டிக்கொண்டு கிழியும். ஒரு குழந்தையின் பிறந்தநாள் கவுனுக்கு நான்கு அடுக்கு ஃப்ரில் வைத்தாலே எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடுகிறது.

எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. போட்டிருப்பவரே தைத்தவராக இருந்தால்தான் தையல் செய்தியாகிறது. அந்தக் கம்பளத்தில் நடந்த மற்ற எல்லாருடைய கவுனையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தைத்துத்தானே இருக்கிறார்?

மே 21, செவ்வாய்

மழை. மத்தியானம் கரண்ட் இல்லை. காலால் மிதிக்கும் பழைய மெஷினைத் தூசு தட்டி எடுத்தேன்.

வேலைக்கு நடுவில் மூன்று பையன்கள் வந்தார்கள். 'ஆவேசம்' படத்தில் ஃபஹத் ஃபாசில் போட்டுவரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட் வேண்டுமாம். ஏப்ரலில் தியேட்டருக்கு வந்த படம், 9-ஆம் தேதியிலிருந்து ஓடிடியிலும் ஓடுகிறது. கழுத்து நிறையச் சங்கிலி, கருப்புக் கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். எனக்கு ஆண்கள் சட்டை தைத்துப் பழக்கமில்லை என்று சொல்லி மேற்கு வீதித் தையல்காரர் அண்ணனிடம் அனுப்பினேன். ரவுடி வேஷத்துக்கு அம்மா காசு கொடுத்தாரா என்று கேட்டால் மூன்று பேரும் சிரிக்கிறார்கள்.

மே 22, புதன்

ஹாலிவுட் நடிகை கேட் பிளான்செட் திங்கட்கிழமை கேன்ஸில் போட்ட கவுன்தான் இந்த வாரத்தில் என்னை எழுந்து உட்கார வைத்தது. முன்பக்கம் கருப்பு. பின்பக்கம் வெள்ளை என்றே தோன்றும் வெளிர் ரோஸ். அவர் ஓரத்தைத் தூக்கியபோது உள்ளே பச்சை லைனிங். கீழே சிவப்புக் கம்பளம். நான்கையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பாலஸ்தீனக் கொடி என்றார்கள். அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. லைனிங்கை மட்டும் காட்டினார்.

இங்கே லைனிங்குக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு நான் 350 ரூபாய் கேட்டால், "உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போகுது, குறைச்சுக்கங்க" என்பார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக எடுத்துக் கடையில் ஒட்டி வைக்கலாமா என்று ஒரு யோசனை.

அப்புறம், சோனம் கபூர் நான்சி தியாகியிடம் எனக்கும் ஒன்று செய்து கொடு என்று கேட்டிருக்கிறாராம். நல்லது.

இந்த மாதத் தொடக்கத்தில் நியூயார்க்கில் மெட் காலா என்ற உடை விழாவில் ஆலியா பட் உடுத்திய, சப்யசாச்சி என்ற வடிவமைப்பாளரின் சேலைக்கு 163 பேர், 1965 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். ஆளுக்குச் சராசரி 12 மணி நேரம். ஒரே ஆள் தினம் 8 மணி நேரம் செய்தால் 245 நாள் சொச்சம் ஆகும். கணக்குச் சொன்னதை நான் பாராட்டத்தான் செய்கிறேன், அதுகூடச் சொல்லாதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நான் படித்த செய்திகளில் அந்த 163-ல் ஒரு பெயர்கூட இல்லை. ஜரிகை எந்தக் கை, சாயம் எந்தக் கை என்று தெரிந்தால் அந்தச் சேலையின் மதிப்பு குறைந்தா போய்விடும்?

மே 24, வெள்ளி

நேற்று கேன்ஸில் இயக்குநர் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' திரையிட்டார்கள். 1994-ல் ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' போனபிறகு, 30 வருடம் கழித்து முக்கியப் போட்டிப் பிரிவுக்குப் போன இந்தியப் படம். மும்பையில் வேலை செய்யும் மலையாளி நர்சுகளின் கதை. கேரளத்தில் இந்தக் கதை தெரியாத தெரு உண்டா? எங்கள் ஊரிலேயே எத்தனை பேருக்கு வெள்ளை யூனிபார்ம் தைத்துக் கொடுத்து வண்டி ஏற்றியிருக்கிறேன்.

படத்தில் நடித்த கனி குஸ்ருதி கையில் வெட்டிய தர்ப்பூசணித் துண்டு வடிவத்தில் ஒரு பை. சிவப்பு, பச்சை, வெள்ளை, கருப்பு விதை. பாலஸ்தீனத்துக்கு ஆதரவான அடையாளம். கொச்சியில் உள்ள சால்ட் ஸ்டுடியோ செய்தது. நமக்குப் பக்கத்து ஊர் வேலை! காலையில் கடைக்கு வந்த சேச்சி படத்தைக் காட்டி, "கேன்ஸ் வரைக்கும் போயி இவளுக்குப் பழம்தானா கிடைச்சுது" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் படத்தையே பார்த்தார். பிறகு, அந்தப் பை எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். அதுவும் நல்ல கேள்விதான்.

ஆனால் என் மனசு நின்றது சாயா கதமிடம். 'லாபதா லேடீஸ்' படத்தில் ரயில் நிலையத்தில் கடை வைத்திருப்பாரே, அவர். இந்தப் படத்திலும் நடித்திருக்கிறார். அம்மாவின் சேலையையும் மூக்குத்தியையும் போட்டுக்கொண்டு கேன்ஸுக்குப் போனார். அம்மாவை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை, அதனால் அவருடைய சேலையையும் மூக்குத்தியையுமாவது கொண்டுவந்தேன் என்று எழுதியிருக்கிறார்.

அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு என்னிடமும் பெண்கள் வருவார்கள். மடிப்பில் ஜரிகை விட்டிருக்கும், முந்தானையில் பழைய குங்குமக் கறை இருக்கும். சிலர் அதைச் சுடிதாராக வெட்டச் சொல்வார்கள். வெட்ட மனசே வராது எனக்கு. கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய துணி வைத்து ஓட்டி, ஓரம் அடித்து, இன்னும் பத்துத் தடவை கட்டலாம் என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்பவர்கள் குறைவு. பழைய சேலையோடு விசேஷத்துக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். இனி அந்தப் பயத்தோடு யார் வந்தாலும் சாயா கதம் படத்தைக் காட்டுவதாக இருக்கிறேன்.

மே 26, ஞாயிறு

பாயல் கபாடியாவின் படத்துக்கு கிராண்ட் பிரி கிடைத்துவிட்டது! நேற்று ராத்திரி அறிவித்தார்கள். விழாவின் இரண்டாவது பெரிய பரிசு. காலையிலிருந்து மலையாளச் சேனல்களில் இதுதான். அதற்கு முந்தின நாள் அனசூயா சென்குப்தாவுக்கு வேறொரு பிரிவில் சிறந்த நடிகை விருது. ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனுக்கும் அங்கே ஒரு கௌரவம் கிடைத்தது.

இத்தனைக்கும் போன் இன்னும் கவுன் படங்களைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. பரிசு வாங்காதவர்களின் உடைக்கு நூறு படம், வாங்கியவர்களின் வேலைக்கு இரண்டு வரி. துணியைக் கட்டிக்கொண்டு பிழைக்கும் எனக்கே இது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

மே 29, புதன்

நான்சிக்குக் கிடைத்த புகழ்ச்சி ஒரு நாள் கவிழும் என்று நினைத்தேன், நடந்துவிட்டது. கேன்ஸில் நான்சி தியாகி போட்ட இன்னோர் உடையின் கார்செட் (இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் மேலுடை), தான் முன்பு போட்டது போலவே இருக்கிறதே என்று பாடகி நேஹா பசீன் படத்தோடு போட்டிருக்கிறார். அது எங்கள் கடையில் வாங்கியதுதான் என்று மும்பை வடிவமைப்பாளர் ஒருவரும் சொல்கிறார். உடனே நேற்று வரை தலையில் தூக்கி வைத்தவர்கள், எல்லாமே பொய், ரோஸ் கவுனும் தைத்திருக்க மாட்டாள் என்கிறார்கள்.

தைக்கத் தெரிந்தவள் கடையில் ஒன்று வாங்கக் கூடாதா? நானே வருடத்துக்கு நாலு ரெடிமேட் சுடிதார் வாங்குகிறேன். வாங்கியதை வாங்கியது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அவர் கேமரா முன்னால் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, தைத்த இத்தனை வீடியோக்களும் எங்கே போயின? கார்செட் ஒன்றும் லேசான வேலையில்லை. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் குழாய் மாதிரி மடித்து உள்ளே கம்பி சொருக வேண்டும். ஒரு நூல் தப்பினாலும் விலாவில் குத்தும். மும்பைக் கடையில் அதைச் செய்தவர் கெட்டிக்காரர். அவர் பெயர் இந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

நான்சிக்கு யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். சோனம் கபூருக்கு நிஜமாகவே தைப்பதாக இருந்தால், அளவு எடுப்பதற்கு முன்னால் கூலியைப் பேசிவிட வேண்டும். பாதி முன்பணம். பெரிய இடத்துக்குத் தைத்தால் "உனக்கு விளம்பரம்தானே" என்று கையை விரிப்பார்கள். அது எந்த ஊரிலும் ஒன்றுதான்.