எம்.பி. சீனிவாசனைத் தெரியுமா?

நேற்று ஷேர் ஆட்டோவில் 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' ஓடியது. பக்கத்தில் இருந்த தம்பி, "எம்.எஸ்.வி. பாட்டு, சார்" என்றார். அடப்பாவி! 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படப் பாட்டு அது. ஜெயகாந்தன் எழுதியது, இசை எம்.பி. சீனிவாசன். மயிலாப்பூர் குளம் வரும்வரை அந்தத் தம்பியை விடவில்லை நான்.

சித்தூரில் 1925இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, இடதுசாரி அரசியலுக்குள் போனவர் எம்.பி.எஸ். டெல்லியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக இருந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் ஜாஹிதாவை மணந்தார். சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியதில் முக்கியமானவர். நம்மூர் சினிமா அவருக்குப் பெரிதாக வாய்ப்பு தரவில்லை, மலையாளம்தான் கொண்டாடியது. அந்தக் கதை வேண்டாம், வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

எனக்கு அவருடைய சேர்ந்திசைதான், அதாவது பலர் குழுவாகப் பாடும் இசைதான் பெரிசு. மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதி பாட்டுகளை அதில் பாட வைத்தார். நம் பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டில்தான் போவோம். சேர்ந்திசையில் பெண்கள் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போதே, ஆண்கள் கீழே வேறு ஸ்வரங்களில் நகர்வார்கள். இரண்டும் மோதாமல், ராகத்தின் முகமும் கெடாமல் எழுத வேண்டும். லேசான வேலையா அது? பாடியவர்களில் பலர் மேடைப் பாடகர்களும் இல்லை.

1988இல் லட்சத்தீவில் காலமானார். அங்கே போனதும் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கத்தான்.

அவருடைய சேர்ந்திசைப் பாட்டுகளை ஹெட்போனில் கேளுங்கள். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு, கீழே போகும் குரல்களை மட்டும் பிடியுங்கள்.