பரணில் கிடந்த மடிக்கணினி

நவம்பர் 21, 2024, வியாழன்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பரிசோதனை அறிக்கை வரப் பத்து நாள் ஆகுமாம்.

நவம்பர் 22, வெள்ளி

கட்டிலைச் சன்னலோரம் திருப்பிப் போட்டோம். கண் விழித்ததும், "இன்று என்ன தேதி?" என்றார். சொன்னேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, "இன்னும் மூன்று நாள்" என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டத்துக்காகக் குகேஷும் டிங் லிரெனும் எதிரெதிரே உட்காருகிறார்கள். பதினான்கு ஆட்டங்கள்.

டிவி அண்ணனோடு சென்னைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. கைபேசியைக் கொடுத்தால் கண்புரை இல்லாத கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறார். ஐந்து நிமிஷத்தில் கை நடுங்கத் தொடங்குகிறது. தவிர, அறிக்கை பற்றிய அழைப்பு வர வேண்டியது அந்தக் கைபேசிக்குத்தான்.

அண்ணனிடம் சொன்னேன். "ஒரு டேப்லெட் அனுப்பிவிடுகிறேன், இதற்கெல்லாமா யோசிப்பாய்" என்றான். அவனுக்கு உலகத்தில் எல்லாமே கூரியரில் தீர்ந்துவிடும்.

நவம்பர் 23, சனி

பரணிலிருந்து பழைய மடிக்கணினியை இறக்கினேன். 2009இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம். மூடியின் ஒரு பக்கக் கீல் போய்விட்டது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். பேட்டரி செத்து எத்தனையோ காலம். கம்பியைச் செருகியதும் விசிறி இரைந்தது, திரையில் வெளிச்சம் வந்தது, உள்ளே வன்தட்டு டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வன்தட்டைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு எழுதப் போவதில்லை.

வன்தட்டு இல்லாவிட்டால் என்ன, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பென்டிரைவிலிருந்தே ஓடும். முதலில் மின்ட் என்ற லினக்ஸ் வகை, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. எழுந்தது. பார்க்கவும் லட்சணமாக இருந்தது. உலாவியில் ஒரு வீடியோவை ஓடவிட்டதும் சுட்டி நகர மறுத்துவிட்டது. இந்தக் காலத்து உலாவிக்கு இரண்டு ஜிபி என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இரவு பதினொன்றரைக்கு ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் இலகுவான லினக்ஸ் வகையைப் போட்டுப் பார்த்தேன். டெபியன் என்ற பழைய லினக்ஸ் வழி வந்தது, பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி கிடையாது, மேசைத்திரை என்று பெரிய ஜோடனை எதுவும் கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர நிர்வாகி மட்டும். எழுந்து நின்றபோது ரேமில் இருநூறு எம்பி சொச்சம்தான் பிடித்திருந்தது. செய்யும் மாற்றங்களைப் பென்டிரைவிலேயே சேமித்துக்கொள்ளவும் செய்கிறது. அப்பா விழித்துப் பார்த்து, "தூங்கம்மா" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

வைஃபை அட்டைக்கு உயிர் இல்லை. அதன் பின்னால் அலையப் பொறுமை இல்லாமல் கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்தேன். உடனே இணையம் வந்துவிட்டது, எந்த டிரைவரும் கேட்கவில்லை. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. முக்கால் மணி நேரம் இணைப்பைத் திட்டித் தீர்த்த பிறகுதான் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தேன். 2009 ஜனவரி 1.

தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மின்சாரம் அறுந்தால் கணினிக்கு நாள் மறந்துவிடும். தளங்களின் சான்றிதழைப் பார்த்து, இது செல்லுபடியாகும் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்கிறது. அது நிற்கும் நாளில் நின்று பார்த்தால் நியாயம்தான்.

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. "அதன் கணக்கில் குகேஷுக்கு இரண்டரை வயது. ஆனந்த்தான் உலக சாம்பியன்." கொஞ்சம் பொறுத்து, "உன் அம்மா அடுப்படியில் இருப்பாள்" என்றார்.

தேதியைக் கையால் மாற்றினேன்.

நவம்பர் 25, திங்கள்

மதியம் இரண்டரைக்குத் தொடங்கியது. உலாவியில் படம் நான்கு விநாடி ஓடும், எட்டு விநாடி நிற்கும். விசிறி அலறியது. மூன்றே முக்காலுக்குச் சூடு தாங்காமல் கணினி தானே அணைந்தது. எழுப்பினால் மறுபடி 2009. முடிவை என் கைபேசியில்தான் பார்த்தோம். பையன் தோற்றுவிட்டான். வெள்ளைக்காய் வைத்துக்கொண்டு தோற்றுவிட்டான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சரியாகச் செய்திருந்தால் மட்டும் அவன் ஜெயித்திருப்பானா? இல்லை. இருந்தாலும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

விடிய விடியப் படித்ததில் விளங்கியது: வீடியோவைச் சுருக்கி அனுப்பும் வடிவங்களில் யூடியூப் முந்திக்கொண்டு நீட்டுவது விபி9, இல்லையென்றால் ஏவி1. ஒன்று 2013இல் வந்தது, மற்றது 2018இல். என் கணினி இரண்டுக்கும் மூத்தது. அவற்றைப் பிரித்துப் படமாக்கும் சில்லு இதில் இல்லை. முழுப் பாரமும் செயலியின் தலையில் விழுகிறது. பழைய எச்.264 என்றால், அதுவும் சின்ன அளவில் என்றால், இழுத்துவிடும். நேரலையில் அந்த வடிவம் கிடைக்கிறது. இன்னொன்று, உலாவியே வேண்டாம். எம்பிவி என்ற வீடியோ ஓட்டும் நிரல் போதும், வீடியோவின் முகவரியை ஒய்டி-டிஎல்பி என்ற இன்னொரு நிரல் பிரித்துக் கொடுத்துவிடும்.

டெபியன் களஞ்சியத்தில் இருந்த ஒய்டி-டிஎல்பி பழசு, பிழை மேல் பிழை. புதியதைத் தனியாக இறக்கி வைத்தேன். வடிவ எண் 93 என்று கொடுத்தால் 360 வரி. கண்புரைக்கு 360 என்ன, 1080 என்ன. கட்டம் தெரிகிறது, காய் தெரிகிறது.

விசிறியைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்தேன். உள்ளே பஞ்சு மெத்தைபோல் தூசி.

இரண்டாவது ஆட்டம் டிரா. கடைசி அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது!

நவம்பர் 27, புதன்

முழு ஆட்டமும் பார்த்தோம். வர்ணனையை நிறுத்தச் சொல்லிவிட்டு மடிமேல் சொந்தப் பலகையை வைத்துக்கொண்டார். அதில் வெள்ளை யானை ஒன்று எப்போதோ காணாமல் போய்விட்டது. தைலப் புட்டியின் மூடிதான் யானை. டிங்குக்கு நேரம் தீர்ந்துபோய்க் குகேஷ் ஜெயித்தான். நேரலை எங்களுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் தாமதம். பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியோடு ஓடிவந்து வாசலிலேயே கத்திவிட்டான். அவன் இனி ஆட்டம் முடியும்வரை உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு.

ஆட்டத்தின் நடுவே கைபேசி அடித்தது. இருவரும் அதையே பார்த்தோம். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள்.

நவம்பர் 28, வியாழன்

ஓய்வு நாள். அழைப்பு இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

டிரா. பொத்தான் பேட்டரி நாளை வாங்க வேண்டும். புயல் என்கிறார்கள். டேப்லெட் அனுப்பியாகிவிட்டது என்கிறான் அண்ணன்.

நவம்பர் 30, சனி

காலையிலிருந்தே காற்று. கடை எதுவும் திறக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் பாதியில் மின்சாரம் போனது. இன்வெர்ட்டரை அப்பாவின் மின்விசிறிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

இரவு முழுக்க வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ரேடியோவில் புதுச்சேரி நிலையம் கிடைத்தது. மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டராம், ஒரே நாளில். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். இன்வெர்ட்டர் அதிகாலையிலேயே செத்துவிட்டது. அப்பாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தேன். கைபேசியில் சிக்னல் இல்லை. பத்து நாள் இன்றோடு முடிகிறது. அவர்கள் கூப்பிட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. கூப்பிட்டிருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மாட்டார்கள். மழையில் அவர்கள் பரிசோதனைக் கூடமும் மூடியிருக்கும். நல்ல செய்தி என்றால் சீக்கிரம் சொல்வார்களா, கெட்ட செய்தி என்றால் சீக்கிரம் சொல்வார்களா? அண்ணனிடம் கேட்டால் தெரியும், அண்ணனைக் கூப்பிடவும் சிக்னல் இல்லை. அப்பா இருட்டில், "ஆறாவது ஆட்டம் என்ன ஆயிற்றோ" என்றார்.

டிசம்பர் 2, திங்கள்

தென்பெண்ணை கரை மீறிவிட்டது. அரசூரில் நெடுஞ்சாலையில் தண்ணீர். விக்கிரவாண்டி தாண்டி ரயில் இல்லை. அண்ணன் வர முடியாது, டேப்லெட்டும் வராது.

டிசம்பர் 3, செவ்வாய்

மாலை ஆறுக்கு மின்சாரம். மின்விசிறி சுழன்றதும் அப்பா கை தட்டினார். கணினி எழுந்தது, 2009 ஜனவரி 1. திருத்தினேன். ஏழாவது ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. நீண்டு நீண்டு டிரா. தவறவிட்ட இரண்டும் டிராதான்.

டிசம்பர் 5, வியாழன்

கைக்கடிகாரக் கடையில் சிஆர் 2032 பொத்தான் பேட்டரி கிடைத்தது. கணினியில் இருப்பதோ இரண்டு ஒயர் ஒட்டி உறை போட்டது. பழையதிலிருந்து ஒயரைப் பிரித்துப் புதியதில் இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிக் கட்டினேன். ஈயம் உருக்கிப் பற்ற வைக்கத் துணிவு வரவில்லை. பேட்டரிமேல் சூடு வைக்கக் கூடாது என்று கடைக்காரரும் சொன்னார்.

கம்பியைப் பிடுங்கினேன். செருகினேன். டிசம்பர் 5. மறுபடி பிடுங்கினேன். டிசம்பர் 5. ஐந்தாவது முறை அப்பா, "போதும், அதை விடு" என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி

நானே கூப்பிட்டுக் கேட்டேன். அடுத்த வாரமாம்.

பீரோவைத் திறந்து வேட்டித் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன். சென்னையில் வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். நானே தட்டிப் பார்க்கப் போவதில்லை. தட்டத் தட்டத் தேய்ந்துவிடும் என்று படித்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பையன் முன்னால் போய்விட்டான், ஆறுக்கு ஐந்து! அப்பா வாக்கரைப் பிடித்து வாசற்படிவரை நடந்தார். இரவு இரண்டு தோசை சாப்பிட்டார்.

டிசம்பர் 9, திங்கள்

டிங் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறுக்கு ஆறு. 2013இல் சென்னையில் ஆனந்த் தோற்றதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அந்தப் பேச்சு வேண்டாம் என்று கையை அசைத்தார். நான் ஏன்தான் வாயைத் திறக்கிறேன்.

டேப்லெட் வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கவில்லை. அண்ணனிடம் பிரித்தேன் என்று சொன்னேன்.

டிசம்பர் 11, புதன்

டிரா.

டிசம்பர் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. மின்சாரம் போய்விடுமோ என்று ஒவ்வொரு இடிக்கும் நெஞ்சு திக்கென்றது. போகவில்லை. கைபேசியின் ஒலியை அணைத்து, கம்பியில் கோத்து, கணினிக்குப் பின்னால் வைத்தேன்.

டிராதான் என்று நான் மூன்று முறை அடுப்படிக்குப் போய் வந்தேன். அப்பா அசையவில்லை. 55வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். அப்பா தைலமூடியை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தார். விரலை எடுக்கவில்லை. "இதை மாற்றிக்கொள்ளலாம்" என்றார். "யானையும் யானையும் போகும். அப்புறம் மந்திரியும் மந்திரியும் போகும்." எனக்குப் புரியவில்லை. "மிச்சம் காலாள்தானம்மா. இவனிடம் ஒன்று கூடுதல்." திரையில் குகேஷ் இன்னும் அதைக் கண்டிருக்கவில்லை, அல்லது கண்டுவிட்டான், எங்களுக்கு வந்து சேரவில்லை. அந்த அரை நிமிஷம் முழுக்க அப்பாவின் விரல் மூடிமேல் இருந்தது.

மூன்றே நகர்த்தலில் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை. பதினெட்டு வயது. பக்கத்து வீட்டுப் பையனை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

ஏழு மணிக்குத்தான் கைபேசியைக் கழற்றினேன். தவறிய அழைப்புகள் மூன்று, ஒரே எண். இப்போது எடுக்க மாட்டார்கள். காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

ஒன்பது பத்து. நேற்றைய ஆட்டத்தை முதலிலிருந்து போடச் சொல்கிறார். பதிவான வீடியோவுக்கு 93 எடுபடவில்லை. 18 கொடுத்துப் பார்க்கிறேன்.