மோடத்துக்கு ஒரு செபிக்: 9 வோல்ட்டில் போட வேண்டிய கணக்கு

கரண்ட் போனாலும் வீட்டு ஃபைபர் மோடம் அணையக் கூடாது. அதற்காக ஒரு சின்ன பேக்கப் கட்டிக்கொண்டிருக்கிறேன். மோடத்துக்குத் தேவை 12 வோல்ட். கையில் இருப்பது மூன்று லித்தியம் செல்களைத் தொடராகச் சேர்த்த பேக். முழு சார்ஜில் 12.6 வோல்ட், தீரும் நிலையில் 9 வோல்ட். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வோல்டேஜைக் குறைக்க வேண்டும், அப்புறம் கடைசிவரை கூட்ட வேண்டும். குறைக்கும் பக் கன்வர்ட்டர் மட்டுமோ கூட்டும் பூஸ்ட் கன்வர்ட்டர் மட்டுமோ போட்டு ஒப்பேற்ற முடியாது.

ஒரே இண்டக்டர் (கம்பிச் சுருள்) வைத்த சாதாரண பக்-பூஸ்ட் வெளியே மைனஸ் வோல்டேஜ் தரும். மோடத்துக்கு அது ஆகாது. நான்கு மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வைத்த வகையில் சூடு குறைவு, ஆனால் விலையும் வேலையும் அதிகம். அதனால் குறைக்கவும் கூட்டவும் தெரிந்த செபிக் கன்வர்ட்டர்: இரண்டு இண்டக்டர், நடுவில் ஒரு கெப்பாசிட்டர், ஒரே ஸ்விட்ச், வெளியே பிளஸ். அந்த நடுக் கெப்பாசிட்டருக்காகவே எனக்கு இந்த சர்க்யூட்டைப் பிடிக்கும். கன்வர்ட்டரை நிறுத்திவிட்டால் பேட்டரி கரண்ட் மோடம் பக்கம் கசியாது. பூஸ்ட்டில் அப்படி இல்லை. இண்டக்டர், டையோடு வழியாக நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

எக்ஸ்எல்6009 என்ற கன்வர்ட்டர் சிப் போட்ட செபிக் மாட்யூல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுலபமாகக் கிடைக்கிறது. "நாலு ஆம்பியர் சார்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்த 4 ஆம்பியர், சிப்புக்குள் இருக்கும் ஸ்விட்ச் தாங்கும் உச்ச கரண்ட். வெளியே எவ்வளவு எடுக்கலாம் என்பதை நாம்தான் கணக்குப் போட வேண்டும், அதுவும் பேட்டரி தீரும் 9 வோல்ட்டில்.

டையோடு வீழ்ச்சி அரை வோல்ட் என்று வைத்துக்கொண்டால், டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) 12.5-ஐ, அதோடு உள்ளே வரும் 9-ஐயும் கூட்டிய 21.5-ஆல் வகுத்தது: 58 சதவீதம். முழு சார்ஜில் இதுவே 50 சதவீதம்தான். மோடத்தின் அடியில் 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 18 வாட். 83 சதவீதத் திறன் என்றால் 9 வோல்ட்டில் உள்ளே 2.4 ஆம்பியர் வர வேண்டும். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது இரண்டு இண்டக்டரின் கரண்ட்டும் அதன் வழியாகத்தான் போகும்: 2.4-உடன் 1.5. 33 மைக்ரோஹென்றி இண்டக்டர், 400 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் வேகத்துக்கு ஒவ்வொன்றிலும் ரிப்பிள் (கரண்ட்டின் ஏற்ற இறக்கம்) சுமார் 0.4 ஆம்பியர், உச்சத்துக்கு அதில் பாதிப் பாதி சேர்த்தால் மொத்தம் 4.3. சிப்பின் எல்லை தாண்டிவிட்டது. வெளியே 1 ஆம்பியர் மட்டும் எடுத்தால் உச்சம் 3 ஆம்பியர் அளவில் நிற்கும்.

இதை மேசையில் பார்க்க 8.2 ஓம், 20 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாகக் கட்டினேன். 12.5 வோல்ட் கொடுத்தபோது வெளியே 12 வோல்ட் ஆடாமல் நின்றது. பவர் சப்ளையை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தால் 9.5 வோல்ட் பக்கத்தில் வெளி வோல்டேஜ் 11-ஐ நோக்கிச் சரிய ஆரம்பித்தது. சிப் கெட்டுப்போகவில்லை, கரண்ட் எல்லை தொட்டு ஸ்விட்ச் சீக்கிரமே அணைகிறது. கணக்கும் மீட்டரும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதைப் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. நல்லவேளை, மோடம் உண்மையில் இழுப்பது 0.55 ஆம்பியர் மட்டுமே, வைஃபை எழும்பும் நேரத்தில் 0.9. ஆக, இந்த மாட்யூலே போதும்.

நடுக் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினேன். 9 வோல்ட்டில் 1 ஆம்பியர் லோடுக்கு அதன் வழியாக ஏறக்குறைய 1.2 ஆம்பியர் ரிப்பிள் ஓடுகிறது. சாதாரண எலக்ட்ரோலிட்டிக் அதில் சூடாகிக் காய்ந்துவிடும். இரண்டு 10 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் செராமிக்கை இணையாக வைத்தேன். செராமிக்கில் டிசி வோல்டேஜ் ஏற ஏறக் கெப்பாசிட்டன்ஸ் இறங்கும், அதனால்தான் இரண்டு.

அடுத்தது இரைச்சல். பழைய மீடியம் வேவ் ரேடியோவைப் பக்கத்தில் வைத்தால் 800 கிலோஹெர்ட்ஸில், 400-இன் இரண்டாம் மடங்கில், உறுமுகிறது. ஸ்கோப்பில் (வோல்டேஜை அலையாக வரைந்து காட்டும் கருவி) பார்த்தால் ஸ்விட்ச் அணையும் ஒவ்வொரு முறையும் மணி அடித்தாற்போல 60 மெகாஹெர்ட்ஸ் அதிர்வு. (புரோபின் நீள கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டுக் குட்டி ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள், பாதி அதிர்வு கிளிப்புடையதாகவே இருக்கும்.) ஸ்விட்ச் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 470 பிகோஃபாரட் வைத்ததும் அதிர்வு 30 மெகாஹெர்ட்ஸாக இறங்கியது. அதிர்வெண் பாதியானால் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று பொருள். அப்படியென்றால் முன்பே ஒளிந்திருந்தது சுமார் 157 பிகோஃபாரட். 60 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை 17 ஓம். அதே 470 பிகோஃபாரட்டோடு தொடராக அந்தத் தடைக்கு நெருங்கிய 18 ஓம் ரெசிஸ்டர் சேர்த்ததும் அதிர்வு ஓரிரு அலையில் அடங்கியது. விரயம் 0.12 வாட், கால் வாட் ரெசிஸ்டர் போதும். 800-இல் உறுமல் இன்னும் கொஞ்சம் கேட்கிறது, அது ஸ்விட்சிங்கோடு கூடப் பிறந்தது.

நிஜ பேட்டரியைக் கட்டியதும் வந்த கோளாறுதான் என்னை அதிகம் உட்கார வைத்தது. பேட்டரி தீரும் நேரத்தில் மோடம் விளக்கு அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து ஆடியது. எக்ஸ்எல்6009 5 வோல்ட் வரை ஓடக்கூடியது, பேட்டரியைத் தானாகக் காப்பாற்றாது; அதனால் 9.3 வோல்ட்டில் கன்வர்ட்டரை ஆன்-ஆஃப் செய்யும் எனேபிள் பின்னைக் கீழே இழுத்து அணைக்க, இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் எல்எம்393 சிப் ஒன்று வைத்திருந்தேன். ஸ்கோப்பை மெதுவாக ஓடவிட்டுப் பேட்டரி முனையைப் பார்த்தேன். 9.3-இல் கன்வர்ட்டர் அணைகிறது. லோடு போனதும் பேட்டரி உடனே 9.7-க்கு எழும்புகிறது, பிறகு இன்னும் மெல்ல ஏறுகிறது. எல்எம்393 அதை நம்பித் திரும்ப ஆன் செய்கிறது. கன்வர்ட்டர் அதே வாட் எடுக்க, குறைந்த வோல்டேஜில் அதிகக் கரண்ட் இழுக்கும், வயரிலும் செல்லுக்குள்ளும் வீழ்ச்சி கூடும், மறுபடி 9.3.

மருந்து மூன்று. ஃபியூஸ், ஸ்விட்ச், பிஎம்எஸ் (பேட்டரிப் பாதுகாப்பு போர்டு) வழியாகப் போன மெல்லிய வயரை எடுத்துவிட்டு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு நீளத்தையும் குறைத்தேன். கன்வர்ட்டர் வாயில் 470 மைக்ரோஃபாரட் ஒன்று. அப்புறம் எல்எம்393-இன் அவுட்புட்டிலிருந்து பிளஸ் இன்புட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் கொடுத்து, 9.3-இல் அணைந்தால் 10.8 வரும்வரை எழாதபடி இடைவெளி வைத்தேன். தீர்ந்த பேக், லோடு இல்லாமல் எவ்வளவு ஓய்வெடுத்தாலும் 10.8-ஐத் தொடுவதில்லை, சார்ஜர் வந்தால்தான் தொடும். விளக்கு ஆட்டம் நின்றது.

இப்போது 2600 மில்லிஆம்பியர்-மணி செல்களில் மோடம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. டப்பாவை மூடினால் சிப் சுடுகிறது. மே மாத வெயிலை நினைத்து இன்னும் மூடவில்லை. அடுத்து இரண்டு இண்டக்டருக்குப் பதில் ஒரே கோரில் சுற்றிய இரட்டை இண்டக்டர் போடப் போகிறேன். அதில் ஏறக்குறைய பாதி மைக்ரோஹென்றிக்கே இதே ரிப்பிள் கிடைக்கும். சுற்று குறைவதால் கம்பி தடிமனாகும், சூடும் குறையும்.