மானுக்கு பிஸ்கட் வேண்டாம், அத்தை

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கம் கால்நடை மருத்துவருக்கு போன் போட்டால் லைன் கிடைப்பது கஷ்டம். வேலூர் பக்கம் கணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் மாடு கட்டியிருக்கும் வீடுகள் நிறைய. கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை போட்டு, அண்டாவில் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலையும் மாட்டுக்கே வழித்துப் போட்டுவிடுவார்கள். ராத்திரிக்குள் வயிறு உப்பும். அசை போடுவது நிற்கும். சாணி தண்ணியாக, புளிச்ச வாடையோடு கழியும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டி, டாக்டர் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார் எங்கள் அப்பா. கவனிக்காமல் விட்ட மாடு படுத்தால் எழுந்திருக்காது.

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறைதான் பெரியது. அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லையும் வைக்கோலையும் நிதானமாக நொதிக்க வைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. திடீரென்று சோறும் வெல்லமும் குவிந்தால், மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மட்டும் ஏகத்துக்குப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. புல்லைச் செரிக்க வைப்பவை அந்த அமிலத்திலேயே செத்துப்போகின்றன. அப்புறம் அமிலம் ரத்தத்திலும் ஏறும்.

மானுக்கும் இதே வயிறுதான். ஆனால் பாருங்கள், சோறு தின்ற மாட்டுக்கு ராத்திரி பதறி எழுந்து ஓடுகிறவர்கள்தான் மான் வேலிக்குள் பிரெட்டை நீட்டுகிறார்கள். எங்கள் அத்தையே சாட்சி.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்தி உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். புள்ளிமான் கூண்டுப் பக்கம் வந்ததும் அத்தை பையைத் திறந்தார். பிஸ்கட் பாக்கெட், வாழைப்பழம், காலையில் மிஞ்சிய இட்லிகூட இருந்தது. வேண்டாம் என்றேன். “வாயில்லா ஜீவன்டா. ஒரு பிஸ்கட்டுல இன்னா ஆயிடப் போவுது?” என்றார்.

ஒரு பிஸ்கட்டில் ஒன்றும் ஆகாதுதான். அத்தைக்குத் தெரிவது அவர் கை மட்டும். மான் பக்கத்திலிருந்து பார்த்தால், விடுமுறை நாளில் வேலி ஓரம் நிற்கும் அத்தனை பேருமே ‘ஒரு பிஸ்கட்’ அத்தைகள். அதிலும் கூட்டத்தில் வலுத்த கிடாதான் முன்னால் வந்து முக்கால்வாசியைத் தின்னும். குட்டிக்கும் பெட்டைக்கும் எட்டாது. எது எவ்வளவு தின்றது என்று யாருக்குத் தெரியும்? வீட்டு மாடு அசை போடாவிட்டால் அரை மணியில் கண்டுபிடித்துவிடுவோம். வேலியே இல்லாமல் திரியும் மான் புதருக்குள் போய்ப் படுத்தால் சோடா கரைத்துக் கொடுக்க ஆள் ஏது?

அப்படித் திரியும் மான்களைச் சென்னை நகரத்துக்குள்ளேயே பார்க்கலாம். கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். பக்கத்தில் ஐஐடி வளாகம். முன்பு எல்லாம் ஒரே காடு. புள்ளிமானும் வெளிமானும் விடுதி, சாலை, குப்பைத்தொட்டி என்று மனிதர்களுக்கு நடுவிலேயே வாழ்கின்றன. அங்கே செத்த மான்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் கவர் உருண்டையாக இருந்தது என்று எத்தனையோ முறை செய்தி வந்திருக்கிறது. மானுக்கு உப்பு ருசி பிடிக்கும். சிப்ஸ் கவரில், ஊறுகாய் கவரில் ஒட்டியிருக்கும் உப்புக்காகக் கவரோடு விழுங்கிவிடும். முதல் அறையிலிருந்து அடுத்த அறைகளுக்குப் போகும் வழி குறுகல். நன்றாக அரைபட்டதுதான் தாண்டும். கவர் அங்கேயே தங்கி, அடுத்தடுத்து வருவதோடு முறுக்கிக்கொண்டு பந்தாகிவிடும். வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், மான் இளைத்துக்கொண்டே போகும்.

ஜப்பானில் நாரா என்ற ஊர்ப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் சுதந்திரமாக உலவுகின்றன. அங்கே மானுக்கென்றே தவிடும் மாவும் சேர்த்து, சர்க்கரை போடாமல் செய்த அப்பளம் மாதிரியான ஒன்றை விற்கிறார்கள். அதைச் சுற்றியிருப்பதும் காகிதம்தான். அவ்வளவு யோசித்துச் செய்த ஊரிலேயே 2019-ல், சில மாதங்களுக்குள் செத்த 14 மான்களில் 9-ன் வயிற்றில் பிளாஸ்டிக். ஒன்றில் மட்டும் 4.3 கிலோ! வருகிறவர்கள் தங்கள் பையில் இருந்ததையும் கொடுத்திருக்கிறார்கள், வேறென்ன.

வயிற்றுக் கதையை விட எனக்குப் பெரிதாகப் படுவது பயம் போவது. கோடை வந்தால் நம் வேலூர் மாவட்டத்தில் தண்ணீர் தேடி மலையிலிருந்து மான்கள் இறங்கும். நாய் கடித்தது, வண்டி மோதியது, கிணற்றில் விழுந்தது என்று பேப்பரில் வரும். நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும். உயிருக்கு ஓடிய ஓட்டத்தில் தசைகள் சிதைந்து, காயமே இல்லாமல் கொஞ்ச நேரம் கழித்துச் செத்துப்போகும் உயிர் அது. மனித வாடை பட்டதும் ஓடுவதுதான் அதற்கு இருக்கும் ஒரே காவல். கையில் தீனி கண்ட மான் ஓடாது. ரோட்டோரம் நின்று காத்திருக்கும். கார் வேகம் குறைந்தால் கிட்டே வரும். அடுத்து வருகிற லாரி வேகத்தைக் குறைக்கவா போகிறது?

அத்தை பாதிதான் சமாதானம் ஆனார். அமாவாசை தவறாமல் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பவர் அவர். “அப்ப கீரை குடுக்கலாமா? அது பச்சைதானே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூண்டில் இருக்கும் மானுக்கு வேளாவேளைக்கு அளந்து போட ஆட்கள் இருக்கிறார்கள். காட்டில் இருக்கும் மான் புல், தழை, மரத்திலிருந்து குரங்கு உதிர்க்கும் பழம் என்று தானே பார்த்துக்கொள்ளும். கோடையில் வனத்துறை காட்டுக்குள் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றுகிறது, அது வேறு விஷயம். அங்கே யாரும் நின்று கையை நீட்டுவதில்லை. கீரையே ஆனாலும் நம் கையிலிருந்து போனால், மறுநாளும் மான் கையைத்தான் தேடி வரும் என்றேன்.

“சரி, மானுக்கு வேணாம்” என்று பையை மூடினார். திரும்பும் வழியில் ரோட்டோரம் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அத்தை கார் கண்ணாடியை இறக்கி, “டேய், இதுங்களுக்கு நாலு அறை வயிறு இல்லியே?” என்றார்.




குரங்கைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இட்லியை நான்தான் சாப்பிட்டேன்.